பிறந்த ஊரா, இருந்த ஊரா, இருக்கிற ஊரா?

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் தரம் 10 மாணவியருக்குத் தமிழ்ப் பாடத்தில் ஓர் ஒப்படை கொடுத்தேன். "கிழமைக்கு ஒரு தடவையாவது நீங்கள் காணும், ஆனால் பெயரைத் தவிர வேறெதுவும் அறியாத ஒருவரைப் பற்றி எழுதுக" என்பதே தலைப்பு. அவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ சொல்லிவிட்டே போக வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். பிள்ளைகளுக்கு வேலையை இலகுவாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பத்துக் கேள்விகள் அடங்கிய ஒரு தாளையும் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை பேர், வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம், எதிர்கால ஆசை என்று இப்படியே போகும் அந்தத் தாள்.

36 பேர் உள்ள வகுப்பு. ஒரு கிழமைக்குள் 35 கொப்பிகள் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை காலை தேத்தண்ணிக் கோப்பையோடு திருத்த உட்கார்ந்தேன். ஆறாவது கொப்பியில் எனக்குச் சந்தேகம் வந்தது, பன்னிரண்டாவதில் உறுதியாயிற்று. இடியப்பம் விற்கும் பெண்ணும், தபாற்கந்தோரில் முத்திரை விற்பவரும், சந்தியில் கீரைக்கட்டு வைத்திருக்கும் பெண்மணியும், ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுபவரும் ஒரே ஆளாக மாறியிருந்தார்கள். எல்லோரும் கஷ்டப்பட்டு உழைத்தார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் படிப்பிக்க ஆசைப்பட்டார்கள். கடைசி வரியில் எல்லோரிடமிருந்தும் நாம் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 35 பெண்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் உலகத்தில் எங்கும் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பத்துக் கேள்விகளைக் கொடுத்தது நான். விண்ணப்பப் படிவம் போல ஒன்றை நீட்டினால் விண்ணப்பப் படிவத்துக்குரிய பதில்தானே வரும்?

முப்பத்தாறாவது கொப்பி மூன்று நாட்கள் பிந்தி வந்தது. கொண்டுவந்த மாணவி, பெயர் வேண்டாம், வகுப்பில் அதிகம் பேசாதவர். "டீச்சர், நான் ஒரு கேள்வியும் கேட்கல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் போனது எங்கள் பகுதியில் சீருடை தைத்துக் கொடுக்கும் மாமி ஒருவரிடம். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு வருடமாக உடுப்புத் தைப்பவர் அவர்தான். தாளைப் பார்த்து முதலிரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு, மூன்றாவதாக "மாமி, நீங்க பிறந்த ஊர் எது?" என்று வாசித்திருக்கிறார். மெஷினை நிறுத்தாமலே மாமி திருப்பிக் கேட்டாராம்: "எதை மகள் எழுதப்போறீங்க? பிறந்த ஊரா, இருந்த ஊரா, இருக்கிற ஊரா?"

பிள்ளைக்கு என்ன சொல்வதென்று விளங்கவில்லை. தாளில் இருந்தது ஒரே ஒரு கோடுதான். தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சட்டைகளுக்குப் பட்டன் தைக்கவா என்று கேட்டிருக்கிறார். நான்கு பின்னேரங்கள் அப்படியே பட்டன் தைத்திருக்கிறார். மூன்றாவது பின்னேரம் மழை பெய்து கரண்ட் நின்ற நேரத்தில், யாரும் கேளாமலே மாமி ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒன்றரைப் பக்கம்தான் நான் ஆசிரியத் தொழிலில் வாசித்த மிக நல்ல மாணவர் ஆக்கம். என்னிடம் பன்னிரண்டு வருடம் அளவு எடுத்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது போலிருந்தது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

மகிழ்ச்சியில் நான் ஒரு தவறு செய்தேன். மறுநாட்காலை அந்த ஆக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதுவித்து வகுப்பின் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டினேன். எழுதிய மாணவியிடமும் கேட்கவில்லை, மாமியிடமும் கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டோமே, போதாதா என்று நினைத்தேன். ஒரு சின்ன ஊரில் பெயரை எடுப்பது எவ்வளவு பயனற்றது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை. பெற்றோர் சந்திப்புக்கு வந்த தாய்மார் இரண்டு பேர் வாசித்திருக்கிறார்கள். அஸருக்கு முன் செய்தி மாமியின் வீட்டுப் படிக்குப் போய்விட்டது.

மாமி சண்டைக்கு வரவில்லை. என் மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணியை மடித்து, பையில் போட்டு, "நேரமில்லையாம்" என்று ஒரு பிள்ளையின் கையில் திருப்பி அனுப்பினார். வகுப்பில் அந்த மாணவி என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஆக்கத்தை அன்றே கழற்றினேன். வாசித்தவர்களின் கண்ணிலிருந்து கழற்ற முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும்போது, ஆக்கம் நன்றாக இருந்தது, பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று எண்ணினேன் என்றெல்லாம் விளக்கம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "டீச்சர், நான் சொன்னது புள்ளைக்கு. சுவருக்கில்லை" என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி யோசித்தும் வாசித்தும் வருகிறேன். ஒரு மனிதரை அறிந்துகொள்வது என்றால் என்ன? அறிந்துகொண்டோம் என்று எப்போது சொல்லலாம்? அறிந்ததை என்ன செய்யலாம்? தமிழ்ப் பாடத்தில் பாத்திரப் பண்பு என்று ஒரு கேள்வி வரும். கதாபாத்திரத்தின் பண்புகளை ஐந்து புள்ளிகளில் எழுதி முழுப் புள்ளி எடுக்கிறோம். கதாபாத்திரம் நம்மிடம் துணியைத் திருப்பி அனுப்பாது. மனிதர் அனுப்புவார்.

நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த ஒரு வரலாற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கலீஃபா உமர் (ரழி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். "உம்மை எனக்குத் தெரியாது, உம்மை அறிந்த ஒருவரை அழைத்து வாரும்" என்றார்கள். சபையில் இருந்த ஒருவர், எனக்கு இவரைத் தெரியும், நல்லவர், நேர்மையானவர் என்றார். உமர் (ரழி) அவர்கள் அவரிடம் மூன்று விடயங்களைக் கேட்டார்கள். இவருடைய இரவும் பகலும் தெரியும் அளவுக்கு நீர் அயல் வீட்டுக்காரரா? இவரோடு காசு பணம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? இவரோடு பயணம் போயிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில். அப்படியானால் உமக்கு இவரைத் தெரியாது என்று சொல்லி, அறிந்த ஒருவரைக் கூட்டிவரும்படி வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதைச் சிறு வயதிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஆனால் இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதை மாமியின் வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் கவனித்தேன். மூன்றுமே கேள்வி கேட்டு அறிகிற வழிகள் அல்ல. அயலில் வாழ்வது, கொடுத்து வாங்குவது, சேர்ந்து வழி நடப்பது எல்லாம் கூட இருந்து ஏதோ ஒன்றைச் செய்வதுதான். பஸ் பழுதாகி நடுவழியில் நிற்கும்போது ஒருவர் எப்படி இருக்கிறார், மிச்சக் காசு கூடுதலாக வந்துவிட்டால் என்ன செய்கிறார், நடுச்சாமத்தில் அடுத்த வீட்டில் பிள்ளை அழுதால் எழும்பி விளக்குப் போடுகிறாரா என்பதைப் படிவத்தில் நிரப்ப முடியாது. என் மாணவி கேள்வித் தாளை மடித்து வைத்துவிட்டுப் பட்டன் தைக்க உட்கார்ந்தபோது, தனக்குத் தெரியாமலே அந்த வழியில் போயிருக்கிறார். பத்துக் கேள்வி தயாரித்த ஆசிரியைக்கு அது தோன்றவில்லை.

திருக்குறளில் இதற்கு இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 51ஆவது தெரிந்து தெளிதல், 80ஆவது நட்பாராய்தல். முதலாவது ஓர் அரசன் தனக்கு வேண்டியவர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. இரண்டாவது நட்பைப் பற்றியது. பரீட்சைக்குப் படிக்கும்போது இரண்டையும் ஒன்றுபோலப் படித்துவிட்டுப் போகிறோம். ஆனால் நட்பாராய்தலில் வள்ளுவர் கேட்டை ஓர் அளவுகோலாகக் காட்டுகிறார். கெட்ட காலம் வரும்போது உறவுகளை நீட்டி அளந்து பார்த்துவிடலாம் என்கிறார். தையல் மாமியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், அளவுகோல் என்ற சொல் வேறு விதமாகக் காதில் விழுகிறது.

இன்னொரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் நாட்டோடு அதற்குத் தொடர்பில்லை, ஆனால் என் மனதை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் விவியன் மேயர் என்றொரு பெண் இருந்தார். 1926இல் நியூயோர்க்கில் பிறந்தவர். தாய் பிரெஞ்சுக்காரி என்பதால் சிறு வயதில் ஒரு பகுதியைப் பிரான்ஸில் கழித்தவர். 1956இல் சிக்காகோப் பக்கம் வந்து, வீடுகளில் தங்கிப் பிள்ளை பராமரிக்கும் வேலையைப் பல பத்து வருடங்கள் செய்தார். மணம் முடிக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது கழுத்தில் எப்போதும் ஒரு கெமரா தொங்கும். வேலைக்குச் சேரும் வீட்டில் தன் அறைக்கு ஒரு பூட்டு வேண்டும் என்பார். சில இடங்களில் தன் பெயரைக்கூட மாற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த அறைகளுக்குள் பெட்டி பெட்டியாக என்ன இருந்தது என்பது அந்த வீட்டாருக்குத் தெரியாது.

வயதான காலத்தில் அவர் பொருட்களை வாடகைக் களஞ்சியம் ஒன்றில் வைத்திருந்தார். வாடகை கட்ட முடியாமற்போய், 2007இல் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. ஜோன் மலூஃப் என்ற இளைஞர் தன் பகுதியைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்குப் பழைய படங்கள் கிடைக்குமா என்று ஒரு பெட்டியை வாங்கினார். அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கித் தேடித் தேடிச் சேர்த்ததில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான படச்சுருள் பதிவுகள் கிடைத்தன. தெருவில் நிற்கும் ஏழைகள், தொப்பி போட்ட சீமாட்டிகள், அழும் பிள்ளைகள், கடைக் கண்ணாடியில் தெரியும் அவருடைய சொந்த நிழல் என்று இருந்த அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த தெருப் படப்பிடிப்பாளர்களில் ஒருவர் இவர் என்றார்கள். பல சுருள்களை அவர் கழுவிப் பார்க்கவே இல்லை. மலூஃப் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது கிடைத்தது ஒரு மரண அறிவித்தல். 2009 ஏப்ரலில், சில நாட்களுக்கு முன்புதான் அவர் இறந்திருந்தார்.

மாணவியரே, இதை வகுப்பில் சொன்னபோது உங்களில் பலர், பாவம், உயிரோடு இருக்கும்போது தெரியவில்லையே என்றீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவரைப் பற்றிய விவரணப் படத்தைப் பார்த்தேன். அதில் அவரிடம் வளர்ந்த பிள்ளைகள், இப்போது நரை விழுந்தவர்கள், பேசுகிறார்கள். ஒருவருக்கு அவர் விளையாட்டுத் தோழி. இன்னொருவருக்குக் கடுமையானவர், பயப்பட வைத்தவர். ஒரே கூரையின் கீழ் பல வருடம் இருந்தும் அறையின் பூட்டுக்கு அப்பால் எவரும் போகவில்லை. அயல் வீடு, கொடுக்கல் வாங்கல், பயணம் மூன்றும் அவர்களுக்கு இருந்தன. அப்படியும் தெரியவில்லை. உமர் (ரழி) அவர்களின் மூன்று கேள்விகளைப் பொய்யாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது ஒருவர் நேர்மையானவரா என்று அறிய. அதற்கு அந்த மூன்றும் போதும். ஒருவருக்குள் என்னென்ன இருக்கிறது என்று அறியப் போதுமா என்பது வேறு கேள்வி.

ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது. விவியன் முதுமையில் வறுமைப்பட்டபோது அவருக்கு வீடு எடுத்துக் கொடுத்து வாடகை கட்டியவர்கள், அவர் வளர்த்த ஒரு குடும்பத்தின் ஆண்பிள்ளைகள். அவர் ஒரு பெரிய கலைஞர் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே பார்த்துக்கொண்டார்கள். உலகம் முழுவதும் இன்று அவரை அறிகிறது. அவர்கள் அளவுக்கு யாராவது அவரை அறிந்தார்களா என்றால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் படங்களை வெளியிட்டது சரியா? அவர் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தவை அல்லவா? இதற்கு வகுப்பில் இரண்டு பக்கமும் வாதாடினீர்கள். நன்றாகவே வாதாடினீர்கள். சுவர்ப் பத்திரிகையை ஒட்டிய எனக்கு நடுவராக இருக்கத் தகுதி இருக்கவில்லை என்பதால் தீர்ப்புச் சொல்லாமல் விட்டேன்.

சிக்காகோ என்றதும் இன்னொன்று. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் நிக்கலஸ் எப்லியும் சகாக்கள் இருவரும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 25 பரிசோதனைகள். "மற்றவரின் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அது உண்மையில் மற்றவரைச் சரியாக அறிய உதவுகிறதா என்று பார்த்தார்கள். உதவவில்லை. அப்படிக் கற்பனை செய்து பார்த்தவர்களின் ஊகம் மற்றவர்களின் ஊகத்தைவிடச் சரியாக இருக்கவில்லை. சரியான விடைக்குக் கொண்டுபோனது அந்த மனிதரோடேயே பேசி அவர் நினைப்பதைக் கேட்டதுதான். எனக்கு இது சுட்டது. என் 35 கொப்பிகளில் இருந்தது இந்தக் கற்பனைதான். கீரை விற்கும் பெண்ணின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்து, தாங்கள் அந்த வெயிலில் இருந்தால் எப்படிக் கவலைப்படுவோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சந்தி பிடித்தமான இடமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரக்கப்படுவது சுலபம். இரக்கப்பட்டுவிட்டால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

ஆனால் எப்படிக் கேட்பது? இங்கேதான் மாமியின் திருப்பிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நம் நாட்டில் இரண்டு பேர் சந்தித்தால் பெயருக்கு முன்பே வருவது "நீங்க எந்த ஊர்?" என்பதுதான். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வாங்கிலும் கல்யாண வீட்டிலும் இதே கேள்வி. கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லாதவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று யோசித்தோமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம் மட்டுமே. அவர்களில் பலர் புத்தளத்திலும் வேறு இடங்களிலும் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பின்னர், கரையோரத்தில் வீடு இருந்த எத்தனையோ குடும்பங்கள் உள்ளே தள்ளிப் புது வீட்டுத் திட்டங்களுக்குப் போயின. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமே தண்ணீருக்குள் போயிற்று. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடி இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் எல்லைக் கிராமங்களின் சிங்களக் குடும்பங்களும் வேறு. இவர்களில் ஒருவரிடம் "ஊர் எது?" என்று கேட்டால் அது ஒரு சின்னக் கேள்வி அல்ல. கேட்பவருக்குத்தான் சின்னது. (மாமி இவர்களில் யார் என்று ஊகிக்க வேண்டாம். இவர்களில் ஒருவராகவே அவர் இல்லாமலும் இருக்கலாம். இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதலாம் என்று அவர் அனுமதி தந்திருக்கிறார். அதற்கு மேல் இல்லை.)

அல்குர்ஆனில் ஸூரத்துல் ஹுஜுராத்தை நாம் எல்லோரும் ஓதுகிறோம். ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே உங்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினோம் என்ற கருத்துடைய 13ஆவது வசனத்தை மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அதற்கு முந்திய இரண்டு வசனங்களையும் சேர்த்து ஓதிப் பார்த்தேன். 11ஆவது, பிறரைப் பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்கிறது. 12ஆவது, வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. அதைத் தாண்டித்தான் அறிந்துகொள்ளுங்கள் என்பது வருகிறது. நான் மார்க்க அறிஞர் அல்ல, தப்ஸீர் சொல்ல வரவில்லை. ஒரு தமிழாசிரியையாக அந்த வரிசையைத்தான் பார்க்கிறேன். துருவுவதற்கும் அறிவதற்கும் இடையில் ஒரு கதவு இருக்கிறது. நான் முதல் தடவை அந்தக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு போனேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளைகளை யார் எவரென்று தெரியாதவர்களோடு பேச அனுப்புகிறீர்களா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரோடோ, கைத்தொலைபேசியில் நட்புக் கேட்டு வருபவரோடோ பேசச் சொல்லி நான் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் வருபவர் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வருவார்; அவரோடு அயலும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை, பயணமும் இல்லை. நான் சொல்வது உங்கள் வீட்டுக்கு இருபது வருடமாகத் தயிர்ச் சட்டி கொண்டுவரும் பெண்ணை, மத்ரஸா முற்றம் கூட்டுபவரை, மூலையில் ஜபமாலையோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் சொந்த உம்மம்மாவை. ஆம், உம்மம்மாவை. இந்த வருடம் ஒரு மாணவி தன் உம்மம்மாவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, பெயரைத் தவிர எதுவும் தெரியாதவராக இருக்க வேண்டுமே என்றேன். "தெரியாது டீச்சர், பெயர்கூட சரியாத் தெரியாது. மூமாண்டுதான் கூப்பிடுறது" என்றார். அனுமதித்தேன்.

இந்த வருடம் ஒப்படையை மாற்றிக் கொடுத்தேன். கேள்வித் தாள் இல்லை. மூன்று தடவைக்குக் குறையாமல் போய், அவர் செய்யும் வேலையில் ஒரு கை கொடுக்க வேண்டும். எழுதியதை முதலில் அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் என்னிடம் தர வேண்டும். நான் மட்டும் வாசித்துத் திருப்பிக் கொடுப்பேன்.

கொப்பிகள் அழகாக வரவில்லை. பாதி ஆக்கங்களுக்கு முடிவே இல்லை. ஒருவர் இடியப்பம் பிழிவதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார், பிழிபவரைப் பற்றி நான்கே வரி. ஆனால் அந்த நான்கு வரியும் வேறு எவருக்கும் பொருந்தாது. உம்மம்மாவைப் பற்றி எழுதிய பிள்ளையின் தாளில் பதினான்கு வரிகள் இருந்தன, ஒன்பது வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த ஐந்தில் ஒன்று, உம்மம்மா சின்ன வயதில் பாடசாலை மேடையில் பாடி ஒரு கண்ணாடிக் கிளாஸ் பரிசு வாங்கினார் என்பது. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாதாம், மாணவியின் உம்மாவுக்குக்கூட. அடிக்கப்பட்ட ஒன்பது வரிகளும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தரத்திட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனாலும் முழுப் புள்ளி போட்டேன். புள்ளி போதாது என்று நினைக்கும் மாணவியர் என்னிடம் வந்து கேட்கலாம்.

மாமியின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அவர் என் துணியைத் திரும்ப எடுக்க ஐந்து மாதம் போயிற்று. பெருநாளுக்கு முன் ஒரு பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, ஒன்றும் சொல்லாமல் லாச்சியைத் திறந்து அளவுக் கொப்பியை எடுத்தார். நீல அட்டை போட்ட, ஓரமெல்லாம் சுருண்ட சி.ஆர். கொப்பி. எங்கள் குடும்பத்துக்கு அதில் இரண்டு பக்கம். மகள் உயர்ந்த ஒவ்வொரு அங்குலமும் திகதியோடு இருந்தது. என் இடுப்பளவு ஒரு வருடத்தில் சட்டென்று குறைந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது நீங்க சுகமில்லாம இருந்த வருஷம். யாருக்கும் சொல்லல்ல நீங்க" என்றார். உண்மை. கணவருக்குத் தவிர வேறு எவருக்கும் அந்த நோயைச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். "இது உங்க வாப்பா மவுத்தான மாசம். உம்மாக்கு இத்தாவுக்கு வெள்ளைத் துணி ரா ராவா தைச்சுக் குடுத்தேன்."

பன்னிரண்டு வருடமாக அந்தக் கொப்பி லாச்சிக்குள் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

மகளுக்கு அளவெடுத்து முடிந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாமியின் காலடியில் பழைய சீருடைகள் ஒரு குவியல் கிடந்தன, தையலைப் பிரித்து ஓரத்தை இறக்கிக் கொடுக்க வேண்டியவை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சட்டையை எடுத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் காட்டிக் கொடுத்தார்.